வெடிக்கும் வெள்ளரிக்கு எழுதிய பெயர்

1

ஒரு சிறு வித்துக்குள் முழுக் கொடியையும் மடித்து வைத்திருப்பவனுக்கே புகழ் அனைத்தும். அவன் மடித்ததை இந்த மண்ணில் அவிழ்த்துப் பார்க்க மனிதர்களாகிய நமக்குச் சில படிவங்களும், சில முத்திரைகளும், ஏறத்தாழ ஒரு வருட காலமும் தேவைப்பட்டன. ஊரிலிருந்து இதை வாசிப்போருக்கு அந்தக் கதையை மகிழ்ச்சியோடு அறியத் தருகிறேன்.

நேற்று அலுமாரியில் துணிகளை அடுக்கும்போது வெள்ளைக் கைக்குட்டை ஒன்று கையில் அகப்பட்டது. அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. எத்தனை முறை கழுவியும் அது போகவில்லை. சென்ற வருடம் இதே ஆகஸ்ட் மாதத்தில், விமான நிலையத்தில், அந்தக் கைக்குட்டைக்குள் இருந்த விதைகளை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். கைக்குட்டையை மட்டும் அழகாக நான்காக மடித்துத் திருப்பித் தந்தார்கள்.

நான் கல்முனைக்குடியில் பிறந்தவன். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். வேலை செய்த காலமெல்லாம் தபால் பிரிக்கும் நிலையத்தில் கழிந்தது. பெயரையும் விலாசத்தையும் பிழையாக எழுதி அனுப்பப்பட்ட பொதிகளைக் கண்டால் மனத்துக்குள் சிரித்துக்கொள்வது என் வழக்கம். அந்தச் சிரிப்புக்கான மறுமொழி, நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு வெள்ளரிப்பழத்தின் வழியாக வந்து சேர்ந்தது.

2

என் மகள் ஸுமையா மருந்தாளராகப் படித்துத் தேறியவள். வெள்ளை அங்கி அணிந்து சில வருடங்கள் வேலையும் பார்த்தாள். பிறகு ஒருநாள் அந்த அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, நகருக்கு வெளியே இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். அதில் நீளமான இரண்டு பொலித்தீன் கூடாரங்களை அமைத்து, மரக்கறி நாற்றுகளை வளர்த்துக் கடைகளுக்கு விற்கத் தொடங்கினாள்.

எனக்கு அது பெரிய அடியாக இருந்தது. என் தகப்பனார் மணற்காணியில் துரவு தோண்டி, அந்தப் பள்ளத்து நீரைக் குடம் குடமாகச் சுமந்து கத்தரிக்கும் கொச்சிக்காய் எனும் மிளகாய்க்கும் ஊற்றியவர். அந்தக் குடங்கள் என் தோளுக்கு வரக்கூடாது என்றுதான் என்னைப் படிக்க வைத்தார். நானும் குடத்துக்குத் தப்பிக் கடல் கடந்தேன். என் பிள்ளையோ குளிர் நாட்டில், தன் சொந்த விருப்பத்தில், குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சில மாதங்கள் அவளோடு அதிகம் கதைக்காமலே இருந்தேன். அவளுடைய தமிழும் அந்தக் காலத்தில் மெலிந்துபோயிற்று. சாப்பாடு, தூக்கம், வாங்க, போங்க என்னும் அளவில் அது நின்றுகொண்டது.

எங்களுக்குள் கதை மறுபடி துளிர்த்தது ஒரு பழத்தினால். எங்கள் கரையில் வெள்ளரிப்பழம் எப்படிக் கொடியிலேயே வெடிக்கும் என்றும், வெடித்ததைத் தென்னோலையில் பொத்தி எப்படித் தெருவோரம் விற்பார்கள் என்றும், சீனியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து எப்படிச் சாப்பிடுவோம் என்றும் ஒருநாள் அவளுக்குச் சொன்னேன். அவள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"வாப்பா, அது இங்க கூடாரத்துக்குள்ள வளரும். எனக்கு விதை வேணும். ஆனா பேப்பரோட வேணும்."

அவள் சொன்னவற்றில் 'விதை வேணும்' என்பது மட்டும் என் செவியில் தங்கிற்று. 'பேப்பரோட' என்பது எங்கே போயிற்றென்று இன்றளவும் எனக்குத் தெரியாது.

3

அந்தக் கோடையில் தங்கை மகளின் கலியாணத்துக்காக ஊருக்குப் போனேன். தங்கையின் கணவர் மீராலெவ்வை மச்சான், திருக்கோவில் ஊர்ப் பக்கம் குத்தகைக்கு எடுத்த மணற்காணியில் மரக்கறி செய்கிறவர். ஸுமையாவுக்கு விதை வேண்டும் என்றதும், அடுப்புச் சாம்பலில் பிரட்டிக் காயவைத்த வெள்ளரி விதைகளை ஒரு பிடி அள்ளி என் கைக்குட்டையில் முடிந்து தந்தார். அதை என் தொப்பிப் பெட்டிக்குள் வைத்தேன்.

திரும்பி வந்து இங்கிலாந்து விமான நிலையத்தில் இறங்கியதும், அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் செல்லும் வழி பச்சை விளக்கின் கீழே திறந்திருந்தது. பச்சை நிறம் என்றால் நம்மவர்களுக்கு இயல்பாகவே ஓர் ஈர்ப்பு. அதன் வழியே நடந்தேன். ஒரு பெண் அதிகாரி வழிமறித்து, செடி அல்லது செடியிலிருந்து பெற்ற பொருள் ஏதும் உண்டா என்று கேட்டார். விதை என்பது இன்னும் செடி ஆகவில்லையே என்று என் நெஞ்சு எனக்காக வாதாடிற்று. இல்லை என்றேன். அது பொய் என்பதை நெஞ்சு அந்தக் கணத்திலேயே அறிந்திருந்தது. அதற்காகப் பலமுறை தவ்பாச் செய்துவிட்டேன்.

தொப்பிப் பெட்டி திறக்கப்பட்டது. முடிச்சு அவிழ்ந்தது.

"இவை உண்பதற்கா, நடுவதற்கா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் இக்கதை விதைகளோடு முடிந்திருக்கும். மாறாக, என் குரலில் எங்கிருந்தோ ஒரு பெருமிதம் வந்து ஏறிக்கொண்டது. என் மகள் ஒரு விவசாயி என்றும், இவை அவளுடைய பண்ணைக்கு உரியவை என்றும் சொன்னேன். பண்ணையின் பெயரைச் சொன்னேன். விலாசத்தையும் சொன்னேன். தபால் நிலையத்துப் பழக்கத்தில் அஞ்சல் குறியீட்டையும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். எத்தனையோ மாதங்கள் அவளுடைய தொழிலை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத நான், முதன்முதலாகப் பெருமையோடு சொன்னது ஓர் எல்லை அதிகாரியிடம். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

4

இரண்டு வாரத்தில் மகளுக்குக் கடிதம் வந்தது. அறிவிக்கப்படாத விதைகள் அவளுடைய பண்ணையின் பெயரால் கொண்டுவரப்பட்டிருப்பதாகவும், இதற்கு முன்னும் அப்படி ஏதும் நடப்பட்டதா என்று பார்க்கப் பரிசோதகர் ஒருவர் வருவார் என்றும் அதில் இருந்தது. அவள் கடிதத்தை என் முன்னால் வைத்தாள்.

"வாப்பா, என்ட பெயரையும் சொன்னீங்களா?"

"ஓம்."

"விலாசமும்?"

"கேட்டாங்க, சொன்னன்."

"கேட்டாங்களா?"

"கேக்கல்ல," என்று ஒப்புக்கொண்டேன்.

அவள் கோபிக்கவில்லை. நாற்று விற்பதற்கான அவளுடைய பதிவு அப்போதுதான் கிடைத்திருந்தது. அந்தப் பதிவு நீங்கினால் கடைகள் அவளிடம் ஒரு நாற்றையும் வாங்கமாட்டா என்பதை மட்டும் நிதானமாக விளக்கினாள். அந்த நிதானம் எந்தக் கோபத்தையும்விட என்னை வருத்திற்று.

பரிசோதகர் வந்த காட்சி என் கண்ணைவிட்டு அகலவில்லை. உயரமான மனிதர். கூடாரத்தின் வாசலில் நின்று, தம் சப்பாத்துகளை மருந்து நீரில் முன்னும் பின்னுமாகக் கழுவினார். பிறகு கைகளைக் கழுவினார். அதன் பிறகே உள்ளே கால் வைத்தார். பள்ளிவாசல் ஹவுள் நீரில் கைகால் கழுவி உளூச் செய்துவிட்டுத் தொழுகைக்குள் நுழைகிறவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஓர் ஊரின் நோயை மற்றோர் ஊரின் பயிருக்குக் கொண்டு போய்விடாமல் இருக்க இவர் இத்தனை பக்குவம் பார்க்கிறார். நானோ சாம்பலும் மண்ணும் ஒட்டிய விதைகளைத் தொப்பிப் பெட்டிக்குள் ஒளித்து வந்திருக்கிறேன். அவர் வாய் திறந்து என்னைக் கண்டித்திருந்தால்கூட அவ்வளவு வெட்கம் வந்திராது.

ஒரு குறையும் கண்டுபிடிக்காமல் அவர் விடைபெற்றார். போகும்போது மகளிடம், அந்த விதையை முறைப்படி வரவழைப்பது கடினமான காரியம் அன்று என்றும், ஆனால் இந்தப் பண்ணையின் பெயரில் இன்னொரு பிழை பதிவானால் தம்மால் உதவ இயலாது என்றும் சொன்னார்.

கதவைச் சாத்திவிட்டு மகள் என்னைப் பார்த்தாள்.

"முறையாச் செய்வம், வாப்பா. பேப்பர் வேலை எல்லாம் நீங்க. எழுத்து உங்களுக்குத்தானே விருப்பம்."

தண்டனைகளில் இனியது அது. அன்றே பேனாவைக் கையில் எடுத்தேன்.

5

இனி வருவதை, ஊரில் மரக்கறி செய்கிற நம்மவர்கள் சற்று நிறுத்தி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மத்திய கிழக்கிலிருந்தோ வேறெங்கிருந்தோ உறவினர் வரும்போது ஒரு பை கொச்சி விதை கொண்டுவரச் சொல்வது நமக்குச் சாதாரண விடயம். வாங்கும் நாட்டின் சட்டமும் அனுப்பும் நாட்டின் சட்டமும் அதைச் சாதாரணமாகக் கருதுவதில்லை. நான் கற்றுக்கொண்டது இதுதான்.

முதலாவது, வாங்குகிறவர் தம்மை விதை இறக்குமதி செய்பவராகத் தம் நாட்டில் பதிய வேண்டும். பல நாடுகளில் விதை புறப்படுவதற்கு முன்பே அனுமதிப்பத்திரமும் கையில் இருக்க வேண்டும். நம் தாய்நாடும் அத்தகையதே. தனி ஆளாக இயலாத சிறு விவசாயி, பதிவு பெற்ற சங்கத்தின் வழியாகவோ விதை வியாபாரியின் வழியாகவோ கேட்கலாம். அடுத்து, அனுப்பும் நாட்டின் தாவரத் தொற்றுக்காப்பு அலுவலகம் ஒரு சுகாதாரச் சான்றிதழ் தர வேண்டும். விதையைப் பார்த்து மட்டும் அதைத் தருவதில்லை; சில பயிர்களுக்குத் தாய்ச்செடி பூத்துக் காய்க்கும் வேளையிலேயே வந்து, நோய் இல்லை என்று பார்த்து எழுதிக்கொள்வார்கள். அந்தச் சான்றிதழின் மூலப்பிரதி விதையோடு பயணம் செய்ய வேண்டும். பொதி வரும் என்பதை முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். விதிகள் நாட்டுக்கு நாடு, பயிருக்குப் பயிர் மாறும். ஆகையால் தொடங்கும் முன் உங்கள் பகுதியின் விவசாயப் போதனாசிரியரைக் கேட்பதே நன்று. பழத்தை விற்பது வேறு, விதையை விற்பது வேறு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இரண்டாவதற்குத் தனிச்சட்டம் உண்டு.

இவற்றையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது, மீராலெவ்வை மச்சான் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்ப வெள்ளரிக்கும் பாஸ்போட்டு வேணும்."

"ஓம் மச்சான்."

"விசாவும் வேணும்."

"அப்படித்தான்."

"அது அங்க போய் வெடிச்சா அகதி எண்டு பதிவாங்களா?"

மாசி மாதத்தில் அவர் புதிதாக நட்டார். கொடி பூத்ததும் போதனாசிரியர் காணிக்கு வந்து, இலையைப் புரட்டி, தண்டைக் கீறி, கொடிக்குக் கொடி குனிந்து பார்த்தாராம். அன்று மாலை மச்சான் என்னை அழைத்தார்.

"மச்சான், உங்கட தங்கச்சிய எனக்கு முடிச்சுத் தரக்குள்ள உங்கட வாப்பா என்னப் பத்தி இவ்வளவு விசாரிக்கல்ல."

"விசாரிச்சிருந்தா தந்திருக்க மாட்டார்," என்றேன்.

"அதுவும் சரிதான்."

அவரை உண்மையில் வருத்தியது ஒன்றே ஒன்று. விதையில் சாம்பல் இருக்கக்கூடாது, மண் இருக்கக்கூடாது, கழுவித் துடைத்துத் துப்புரவாக அனுப்ப வேண்டும் என்பதை அவரால் ஏற்கவே முடியவில்லை.

"சாம்பல் இல்லாட்டி புழு புடிக்கும். இத மொட்டையாவா அனுப்புற?"

"மொட்டையாத்தான் அனுப்பணும்."

"ஹஜ்ஜுக்குப் போற மாதிரி," என்றார் மச்சான். எனக்கு அது உவமையாகவே படவில்லை, உண்மையாகவே பட்டது.

6

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. தாவரத்தின் விஞ்ஞானப் பெயர் என்ன என்று அது கேட்டது.

எனக்குப் பள்ளிப் பருவம் தொட்டு ஞானப் பாடல்களிலும் முனாஜாத்துகளிலும் ஊறிய நெஞ்சு. ஒரு கண்ணியில் 'மணி' என்று வந்தால், அது முத்தா, கண்ணின் பாவையா, தஸ்பீஹின் மணியா, இறைவனின் திருநாமமா என்று நாள் முழுவதும் அசைபோட்டு மகிழ்வேன். அப்படிப்பட்டவன் இந்தக் கட்டத்தைக் கண்டதும் ஒரு கணமும் தயங்கவில்லை. அகராதியைத் திறந்தேன். வெள்ளரி என்பதற்கு நேரே கியூக்கம்பர் என்று இருந்தது. கியூக்கம்பருக்கு நேரே லத்தீன் மொழியில் குக்குமிஸ் சற்றைவஸ் என்று இருந்தது. அதைத் திருத்தமான எழுத்தில் கட்டத்துக்குள் எழுதினேன். ஊருக்கும் எழுதி அனுப்பினேன். மச்சான் தம் படிவத்தில் அதையே எழுதினார். போதனாசிரியரின் அறிக்கையும் எங்கள் எழுத்தை நம்பி அதையே எழுதிற்று.

சித்திரை நடுவில் விதைகள் துப்புரவாகி, உறையில் ஏறின. மச்சான் அவற்றோடு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், சான்றிதழ் தரும் அலுவலகத்தில் காத்திருந்தார். அங்கே அவருக்குப் பகல் பத்து மணி. இங்கே நான் ஸுபஹுத் தொழுதுவிட்டு, வேலைக்குப் புறப்பட்ட மகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கைவண்ணத்தைக் காட்டும் ஆசையில் படிவத்தின் பிரதியை அவள் முன் வைத்தேன்.

அவள் வாசித்தாள். தேநீரைக் கீழே வைத்தாள்.

"வாப்பா, இது கியூக்கம்பர்."

"ஓம். வெள்ளரி."

"நீங்க சொன்ன பழம் வெடிக்கும் எண்டு சொன்னீங்கதானே?"

"வெடிக்கும். பழுத்தா கொடியில இரிக்கக்குள்ளயே வெடிக்கும். உள்ளுக்கு அரிசி மா மாதிரி இரிக்கும்."

"மணக்குமா?"

"ஊட்டுக்க வெச்சா தெருவுக்கு மணக்கும்."

"கியூக்கம்பர் வெடிக்காது, வாப்பா. மணக்கவும் மணக்காது. உங்கட பழம் மெலன். முலாம்பழத்துட ஆள். ரெண்டும் சொந்தக்காரங்க, ஆனா ஒரே ஆள் இல்ல."

அவள் வாயிலிருந்து வந்த தமிழில் இத்தனை நீண்ட பேச்சை நான் பல வருடங்களாகக் கேட்டதில்லை. ஆனால் அதை ரசிக்க அப்போது அவகாசம் இல்லை. உறையின் மேல் ஒரு பெயரும் உறைக்குள் வேறொரு விதையுமாகப் பொதி வந்து இறங்கினால், அது இரண்டாவது பிழை. பரிசோதகர் சொன்ன பிழை. அவளுடைய பண்ணையின் பெயரில் அது பதிவாகும். உடனே மச்சானை அழைத்தேன்.

"மச்சான், படிவத்தக் குடுத்திட்டீங்களா?"

"இன்னம் இல்ல. முன்னுக்கு ரெண்டு பேர் இரிக்காங்க. ஏன், மௌத்துச் செய்தியா? குரல் அப்படி இரிக்கி."

"குடுக்க வேணாம். பெயர் பிழை."

"ஆர்ர பெயர்? என்ட பெயரா?"

"விதைட பெயர். நாம வெள்ளரி எண்டு எழுதிட்டம்."

"வெள்ளரிதானே இது? நான் என்ன, பாவக்காயா கொண்டாந்த?"

"இங்கிலீசில வெள்ளரி எண்டா நாம சலாதுக்கு வெட்டுற பிஞ்சு, மச்சான். வெடிக்கிறதுக்கு வேற பெயராம். குக்குமிஸ் மெலோ."

மச்சான் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"எங்கட குடும்பத்தில தமிழ் படிச்ச ஆள் நீங்கதான் எண்டு உங்கட தங்கச்சி ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லுவா. இண்டைக்கு ஊட்ட போய் நான் அவவோட கொஞ்சம் கதைக்கணும்."

ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் கண்டு பூரித்தவன், இரண்டு பழங்களுக்கு ஒரே சொல் போதும் என்று எழுதிவிட்டேன். முழுத் தமிழும் தெரிந்த எனக்குப் பழத்தின் பெயர் மட்டுமே தெரிந்திருந்தது. அரைத் தமிழ் தெரிந்த என் பிள்ளை, அது வெடிக்குமா என்று கேட்டே அதை அடையாளம் கண்டுவிட்டாள்.

7

மச்சான் வரிசையிலிருந்து விலகி, விதைகளோடு ஊர் திரும்பினார். போதனாசிரியர் தம் அறிக்கையைத் திருத்தினார். நான் என் படிவத்தைத் திருத்தி, அவளிடம் காட்டி, அவள் சரி சொன்ன பிறகே அனுப்பினேன். மறுபடியும் கொழும்பு, மறுபடியும் வரிசை. வாரங்கள் ஓடின.

அந்த வாரங்களில் மகளின் இரண்டாவது கூடாரம் வெறுமையாகக் கிடந்தது. அவள் அதை வெள்ளரிக்கென ஒதுக்கியிருந்தாள். அயல் பண்ணைக்காரர் ஒருவர் வேலியருகே வந்து, தக்காளி நடாமல் நல்ல இடத்தை வீணடிக்கிறாயே என்று சொல்லிவிட்டுப் போவார். மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரை பார்ப்பதாகவும், அதற்குப் பிறகு நட்டால் இந்த நாட்டு வெயில் பழுக்க வைக்காது என்றும், ஆகவே அன்றைக்கு அவரைக்கொட்டை நட்டுவிடுவதாகவும் மகள் என்னிடம் சொன்னாள். ஒவ்வொரு தொழுகையிலும் ஒரு தபால் பொதிக்காக துஆக் கேட்டேன். அத்தனை வருடம் தபாலில் வேலை செய்தவன், தபாலுக்காக அழுது கேட்டது அப்போதுதான்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் வாசலில் அவளுடைய வண்டி நின்றது. மண் அப்பிய சப்பாத்தோடு அவள் உள்ளே இருந்தாள். பக்கத்து இருக்கையில், வார்ப்பட்டி போட்டுக் கட்டிய நிலையில், பழுப்பு நிற உறை ஒன்று இருந்தது. பரிசோதனை முடிந்த முத்திரை அதில் இருந்தது. சான்றிதழில் குக்குமிஸ் மெலோ என்று இருந்தது. அதற்குக் கீழே, ஊரில் வழங்கும் பெயர் என்ற கட்டத்தில், ஆங்கில எழுத்தில் வெள்ளரிப்பழம் என்று யாரோ ஒரு கை அழகாக எழுதியிருந்தது. அது மச்சானின் கை.

"பின்னுக்கு ஏறுங்க, வாப்பா," என்றாள். "முன்னுக்கு ஆள் இரிக்கி."

பின்னால் ஏறினேன். நேராகக் கூடாரத்துக்குப் போனோம். அவள் சப்பாத்தைக் கழுவினாள், நானும் கழுவினேன். பிஸ்மி சொல்லி முதல் விதையை என் கையாலேயே வைக்கச் சொன்னாள். நான் குடத்துக்குப் பயந்து ஓடிவந்தவன் என்று அவளிடம் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு நீர்க்குழாயை என் கையில் தந்தாள்.

8

இன்று காலை அவள் தொலைபேசியில் ஒரே ஒரு சொல் சொன்னாள்: "வெடிச்சிட்டு."

போய்ப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே மஞ்சளாகக் கிடந்த பழம் நீளவாக்கில் பிளந்து, மாப்போன்ற வெண்மையைக் காட்டிக்கொண்டிருந்தது. கூடாரம் முழுவதும் அந்த மணம். இறுதிப் பார்வைக்காக வந்திருந்த அதே பரிசோதகர், பழத்தைக் கண்டதும் குறிப்பேட்டைத் திறந்து, சேதமா என்று கேட்டார். மகள் இல்லை என்று தலையசைத்தாள். பழுத்துவிட்டது என்பதை இந்தப் பழம் சொல்லும் முறை இது என்றாள். அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறெதையோ எழுதினார். கொடிகள் நோயின்றி இருப்பதாகவும், இனி இதற்காகத் தாம் வரத் தேவையில்லை என்றும் சொல்லி, அவளுக்குக் கை கொடுத்தார்.

அவர் போனபின் அந்தப் பழத்தின் முன் நின்று, என் காலத்தில் கேட்டுப் பழகிய கண்ணிகளின் நடையில் இரண்டு வரி கட்டினேன்:

பேரெழுதத் தெரியாமல் பிழையெழுதி வைத்தேன் – நீ
வேரெடுத்து மெய்வெடித்து விளம்பிவிட்டாய் மெய்யை.

மெய் என்றால் உடம்பும் உண்மையும் என்று மகளுக்கு விளக்கினேன். "ஒரு சொல்லுக்கு ரெண்டு பொருளா?" என்று கேட்டுவிட்டு, "படிவத்தில எழுதாதீங்க," என்றாள்.

சீனியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சாப்பிட்டோம். பிறகு மச்சானை அழைத்து, படத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"அந்தக் குளிருக்கு வெடிக்குமா எண்டு பயந்தன், மச்சான். வெடிச்சிரிக்கி."

"உங்கட கைராசி."

"அத விடுங்க. நீங்க மார்கழில வாறீங்கதானே? அறுகம்பே கடற்கரைக்கு வாற வெள்ளக்காரனுகள் சலாது இலை கேக்கிறானுகள். வெயிலுக்குத் தாங்குற சலாது ஒண்டு ஸுமையாட்ட இரிக்காம். ஒரு பிடி விதை, உங்கட தொப்பிப் பெட்டிக்குள்ள…"

"மச்சான்," என்றேன். என் குரல் அந்த விமான நிலையத்து அதிகாரியின் குரலைப்போல் எனக்கே கேட்டது. "முதல்ல அனுமதிப்பத்திரம் எடுக்கணும். சங்கத்துட பெயரில கேக்கணும். சான்றிதழ் இல்லாம ஒரு விதையும் நான் தொடமாட்டன்."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. பக்கத்தில் என் தங்கையும் சிரிப்பது கேட்டது.

"போன கிழமையே சங்கத்தால விண்ணப்பம் போட்டாச்சு, மச்சான். சும்மா உங்களச் சோதிச்சுப் பாத்தன். விஞ்ஞானப் பெயரும் எழுதியாச்சு."

என்ன பெயர் எழுதினீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.

"பயப்படாதீங்க," என்றார். "ஸுமையாட்டக் கேட்டு நானே எழுதின."